முதுகில் வெயில், முன்னால் தண்ணீர்: வடசென்னைக் குளிர்காலத்தைப் படமெடுக்க

சென்னைக்கு ஏது குளிர்காலம் என்று கேட்பவர்களை மார்கழியில் ஒருநாள் காலை ஆறு மணிக்கு எண்ணூர் முகத்துவாரக் கரைக்கு அழைத்துப் போகவேண்டும். வெப்பமானி 20, 21 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்காது, உண்மைதான். ஆனால் படம் எடுப்பவருக்குக் குளிர்காலம் என்பது டிகிரிக் கணக்கு அல்ல. ஐப்பசியும் கார்த்திகையும் நிரப்பிவிட்டுப் போன தண்ணீர் அப்படியே நிற்கிறது. அதன்மேல் சாய்ந்த வெயில் விழுகிறது. மத்திய ஆசியாவிலிருந்தும் அதற்கும் வடக்கேயிருந்தும் பறந்து வந்த பறவைகள் அந்தத் தண்ணீரில் இரை தேடுகின்றன. நல்ல கேமரா இல்லாவிட்டாலும் இது எல்லாம் படத்தில் வரும். நேரமும் நிற்கும் இடமும் தப்பினால் லட்ச ரூபாய் லென்ஸிலும் வராது.

முதலில் வெயிலைப் புரிந்துகொள்வோம். ஏப்ரல் கடைசியில் நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே வந்துவிடுகிறது. டிசம்பர் மூன்றாம் வாரத்தில் நண்பகலிலும் சுமார் 53 டிகிரி உயரம்தான். ஆறடிக் கம்பத்துக்கு நடுப்பகலிலும் நாலரை அடி நிழல் விழும். சாய்ந்து வரும் இந்த வெளிச்சம் பறவையின் வயிற்றுக்கு அடியிலும் இலையின் பக்கவாட்டிலும் புகுந்துபோகும். கோடையில் ஏழரை மணிக்கே கண்ணைக் கூசவைக்கும் வெயில், மார்கழியில் ஒன்பது, ஒன்பதரை வரை இதமாக இருக்கும். மாலையில் மூன்றே முக்காலுக்கே நல்ல வெளிச்சம் தொடங்கிவிடும். டிசம்பர் இறுதியில் சூரியன் சுமார் 6.30-க்கு உதிக்கிறது, பொங்கலை ஒட்டி 6.35 ஆகிவிடும். வெளுக்கும் முன்பே கரையில் இருக்கவேண்டுமென்றால் 5.45-க்குப் போய்ச் சேரவேண்டும்.

இன்னொன்று: இந்தப் பருவத்தில் சூரியன் நேர் கிழக்கில் உதிப்பதில்லை. தென்கிழக்கில், கிழக்கிலிருந்து ஏறக்குறைய 24 டிகிரி தெற்கே தள்ளி உதிக்கிறது. பகல் முழுக்கத் தெற்கிலேயே சாய்ந்து போகிறது. ஆகவே குளிர்காலத்தில் எந்த நீர்நிலைக்குப் போனாலும் தென்கரையில் நின்று வடக்கே பார்த்தால், காலையில் வலது தோளுக்குப் பின்னாலும் மாலையில் இடது தோளுக்குப் பின்னாலும் வெயில் இருக்கும். எண்ணூரில் தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் பக்கத்துக் கரை இதனால்தான் நல்ல இடம். சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை பழவேற்காடு ஏரியைக் குறுக்கே கிழக்கு மேற்காக வெட்டிப் போகிறது. அந்தச் சாலையின் வடபுறத் தண்ணீரில் நாள் முழுக்க முன்வெளிச்சம்தான், அதாவது நம் முதுகுக்குப் பின்னாலிருந்து பறவைமேல் விழும் வெளிச்சம். காசிமேட்டில் நிலைமை வேறு. காலையில் கடல் பக்கம் திரும்பினால் சூரியன் எதிரே இருக்கும், கடற்காகங்கள் கறுப்பு உருவமாகத்தான் வரும். அந்தக் கறுப்பு உருவமே வேண்டுமென்றால் காலை போகலாம், அலகின் சிவப்பு தெரியவேண்டுமென்றால் மாலை மூன்றரைக்கு மேல் போகவேண்டும்.

கருவிக்கு வருவோம். கையில் போன் மட்டும் இருந்தால் பறவையை விட்டுவிட்டுப் பனி, கோலம், பூச்சி, மேகம், தண்ணீரில் விழும் நிழல் இவற்றில் தொடங்குங்கள். இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்குவது போனின் டிஜிட்டல் ஜூம். அது படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான், வேறொன்றுமில்லை. எடுத்தபிறகு வீட்டில் வெட்டிக்கொள்ளலாம். விலை குறைந்த போன்களில் மேக்ரோ என்று தனியாக இருக்கும் 2 மெகாபிக்சல் கேமராவை மறந்துவிடுங்கள். முதன்மைக் கேமராவில் ஒரு சாண் தள்ளி நின்று எடுத்து வெட்டினால் அதைவிடத் தெளிவாக வரும். பறவைக்கு என்றால் பழைய ஏபிஎஸ்-சி கேமராவும் (முழு அளவைவிடச் சிறிய உணரி, அதாவது சென்சார், உள்ளது) 70-300 அல்லது 55-250 மி.மீ. லென்ஸும் போதும். அந்த உணரியில் 300 மி.மீ. என்பது 450 மி.மீ. போலப் பார்வை தரும். செகண்ட் ஹேண்ட் லென்ஸ் வாங்கும்போது இரண்டு பக்க மூடியையும் கழற்றி, பின்பக்கமிருந்து போன் டார்ச்சை அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். ஒன்றிரண்டு தூசி இருந்தால் கவலை இல்லை. சிலந்தி நூல் போலக் கிளை கிளையாகத் தெரிந்தால் அது பூஞ்சை. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

டிரைபாட் கரையில் பெரும்பாலும் தொந்தரவுதான். அதற்குப் பதிலாகப் பழைய ஜீன்ஸ் பேன்ட்டின் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே வெட்டி, ஒரு முனையை இரட்டைத் தையல் போட்டு, இரண்டு கிலோ தட்டைப்பயறோ அரிசியோ நிரப்பி, மறுமுனையையும் தைத்துவிடுங்கள். முக்கால்வாசிதான் நிரப்பவேண்டும். இறுக நிரப்பினால் லென்ஸ் அதில் அமுங்கி உட்காராது, உருளும். மணல் வேண்டாம், தையல் வழியாகக் கசிந்து ஜூம் வளையத்துக்குள் போகும். இந்தப் பையைத் தரையிலோ கைப்பிடிச் சுவரிலோ வைத்து, அதன்மேல் லென்ஸை வைத்தால் கை நடுக்கம் போய்விடும். முக்கியமாக, கேமரா தரைமட்டத்துக்கு இறங்குகிறது. சேற்றில் இரை கொத்தும் சிறு பறவையான உள்ளானை நின்றுகொண்டு கீழே பார்த்து எடுத்தால் அதற்குப் பின்னால் சேறுதான் தெரியும். படுத்துக்கொண்டு அதன் கண்மட்டத்தில் எடுத்தால், பின்னால் பத்து மீட்டருக்கு அப்பாலிருக்கும் தண்ணீர் மங்கலான நீலமாகக் கரைந்து நிற்கும். ஒரே பறவை, ஒரே லென்ஸ், படம் வேறு.

கேமரா அமைப்பைச் சொல்கிறோம். மேனுவல் மோடில் ஷட்டர் வேகத்தையும் லென்ஸ் துளையையும் (எஃப் எண்) நீங்கள் வைத்துக்கொண்டு, உணரியின் வெளிச்ச உணர்வான ஐஎஸ்ஓ-வை ஆட்டோவில் விடுங்கள். நிற்கும் பறவைக்கு 1/500 நொடி, நடந்து கொத்தும் உள்ளானுக்கு 1/1000, பறக்கும் கடற்காகத்துக்கு 1/1600, தலைகீழாகப் பாய்ந்து மீன் பிடிக்கும் ஆலாவுக்கு 1/2500. மேகமில்லாத நாளில் எட்டரைக்குமேல் முன்வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ 400, எஃப் 8, 1/1600 என்று மூன்றையும் நீங்களே பூட்டிவிடலாம். பின்னணி வானமா, கறுத்த தண்ணீரா என்று கேமரா குழம்புவதற்கே இடமில்லை. வெள்ளைக் கொக்கு வந்தால் மட்டும் வேகத்தை 1/3200 ஆக்குங்கள்.

வெளிச்சத்தில் ஏமாற்றுவதில் மடையான்தான் முதலிடம். குளத்துக் கரையில் கோரைக்கு நடுவே பழுப்புக் கோடுகளோடு களிமண் உருண்டை போல உட்கார்ந்திருக்கும், கேமராவும் அந்தப் பழுப்புக்கு ஏற்ப வெளிச்சத்தைக் கூட்டி வைத்திருக்கும். எழும்பிய அடுத்த கணம் இரண்டு பக்கமும் சுண்ணாம்பு வெள்ளையாகச் சிறகு விரியும். படத்தில் அந்தச் சிறகு வெறும் வெள்ளைத் தாளாகத்தான் கிடைக்கும், இறகின் ஒரு கோடுகூட இருக்காது. அதனால் மடையான் உட்கார்ந்திருக்கும்போதே எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) 2/3 அல்லது 1 புள்ளி (ஸ்டாப்) குறைத்து வைத்துக் காத்திருக்கவேண்டும். உட்கார்ந்த படம் கொஞ்சம் கறுத்துத்தான் இருக்கும், பரவாயில்லை, பிறகு ஏற்றிக்கொள்ளலாம். வெளுத்துப்போனதை எந்தச் செயலியாலும் மீட்கமுடியாது. அது எப்போது எழும்பும் என்பதற்கும் அடையாளம் உண்டு. குனிந்திருந்த கழுத்து நீண்டு, உடம்பு முன்னால் சாய்ந்து, கால் மடங்கும். பல நேரம் கடைசியில் எச்சமிட்டுவிட்டுத்தான் கிளம்பும்.

பனிமூட்டத்தில் இதற்கு நேர்மாறு. மாதவரம், மணலி, மீஞ்சூர் பக்கம் தையில் சில காலைகளில் மூட்டம் இறங்கும். எங்கும் வெள்ளையாக இருப்பதால் கேமரா அதைச் சாம்பலாக்கிவிடும். 2/3 முதல் 1 புள்ளிவரை கூட்டினால்தான் கண்ணில் பார்த்த பால்வெள்ளை வரும். போனில் திரையை அழுத்திப் பிடித்துப் பூட்டி, சூரியச் சின்னத்தை மேலே தள்ளுங்கள். மூட்டத்தில் தூரத்துப் பொருளைத் தேடாதீர்கள். அருகில் கறுப்பாக ஒன்று வேண்டும்: தனிப்பனை, கரையில் கட்டிய படகு, கம்பியில் வரிசையாக உட்கார்ந்த தகைவிலான்கள். போகி அன்று காலை தெரிவது இந்த மூட்டம் அல்ல, புகை. படம் மஞ்சளும் சாம்பலுமாகச் செத்துப்போகும், நெஞ்சுக்கும் கெடுதல். அன்று வீட்டு வாசலிலேயே எடுக்க ஒன்று உண்டு: சாணி உருண்டையில் செருகிய பரங்கிப்பூ. ஒன்பது, பத்து மணிக்கு மேல் அது சுருங்கிவிடும். வெயில் தெருவுக்குள் இறங்குவதற்கு முன்பு, நிழலில், பூவின் மட்டத்துக்குக் குனிந்து எடுத்தால் இதழின் நரம்பு ஒவ்வொன்றும் தெரியும்.

பனித்துளி படிந்த சிலந்தி வலைக்குத் தனியாக ஒரு காலை ஒதுக்கலாம், அவ்வளவு தகும். காலி மனைப் புதர், ஏரிக்கரைக் கோரை, ரயில் பாதை ஓரத்து வேலி எங்கும் இருக்கும். வானம் தெளிந்து, காற்று அடங்கிய இரவுக்கு மறுநாள்தான் துளி நிறையக் கட்டும். மேகம் மூடிய இரவில் தரை அவ்வளவு குளிராது, பனியும் குறைவு. சூரியன் உங்களுக்கு எதிரே, சற்றுப் பக்கவாட்டில் இருக்கவேண்டும். வலைக்குப் பின்னால் இருட்டு வேண்டும். நிழலில் இருக்கும் சுவரோ புதரோ பின்னால் வரும்வரை ஒவ்வோர் அடியாக நகருங்கள். போன் வலையைப் பிடிக்காமல் பின்னாலிருக்கும் சுவரைத்தான் கூர்மையாக்கும். வலையைத் தொடாமல் அதே தூரத்தில் ஓர் இலையை நீட்டி, அதன்மேல் அழுத்தி ஃபோகஸைப் பூட்டி, இலையை எடுத்துவிட்டு எடுங்கள். ஒவ்வொரு துளிக்குள்ளும் எதிர்ப்புறத்துக் காட்சி தலைகீழாகத் தெரியும். ஏழரைக்கு வாடை லேசாகக் கிளம்பிவிட்டால் வலை ஆடும், எட்டு மணிக்குத் துளிகள் உலர்ந்துவிடும். ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் அடித்து எடுப்பவர்களும் உண்டு. அந்தத் துளி பெரிதும் சிறிதுமாகத் தொங்கும், பனியின் சீரான மணி வராது, வலையும் கெடும். வேண்டாமே. இதே நேரத்தில் தும்பிகள் புல்லில் நனைந்த இறக்கையோடு விறைத்து உட்கார்ந்திருக்கும். உடம்பில் சூடு ஏறும்வரை பறக்கமாட்டா. ஒரு சாண் வரை நெருங்கலாம், உங்கள் நிழல் மட்டும் அதன்மேல் விழக்கூடாது.

லென்ஸிலும் இதே பனி படியும். அறையில் ஏசி 18, 20-ல் ஓடிக்கொண்டிருந்தால் கேமராவும் அந்தக் குளிரில் இருக்கும். வெளிக்காற்றின் ஈரம் அதன்மேல் பட்டதும் கண்ணாடி மங்கிவிடும். துணியால் துடைத்துக்கொண்டே இருப்பதில் பயனில்லை, திரும்பத் திரும்பப் படியும். முந்தின இரவே பையை ஏசி இல்லாத கூடத்தில் வைத்துவிட்டால் பிரச்சினையே இல்லை. மறந்துவிட்டால் ஜிப்பைத் திறக்காமல் அரைமணி நேரம் வெளியே வைத்துவிட்டுத் திறங்கள்.

பறவை தூரத்தில் இருந்து படம் குழைந்து வந்தால் லென்ஸைக் குறைசொல்லும் முன் ஒன்றைக் கவனியுங்கள். குளிர்ந்த காலையில் காற்றைவிடத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். தண்ணீரை ஒட்டிய காற்று நெளியும். 150 மீட்டர் தள்ளி நிற்கும் பூநாரையின் கால் அந்த நெளிவில் அலைந்துதான் தெரியும். வேகத்தைக் கூட்டினாலும் சரியாகாது. நெருங்கி வரும்வரை காத்திருப்பதுதான் வழி. சேற்றில் இரை தேடும் பறவைகள் நீர் வற்றும்போது புதிதாகத் திறக்கும் சேற்றைத் தொடர்ந்து நகரும். நீர் ஏறும்போது கரையை நோக்கித் தள்ளப்படும். எண்ணூரில் கடலின் இந்த ஏற்றம் வற்றம்தான் கடிகாரம். நேற்றைய நேரத்தைவிட இன்று சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வற்றம் ஆழமாக இருக்கும், சேறு அதிகம் திறக்கும். நீர் ஏறத் தொடங்குவதற்கு அரைமணி முன்பே போய் உட்கார்ந்து அசையாமல் இருந்தால் அவை உங்களை நோக்கி வரும். நீங்கள் அவற்றை நோக்கி நடந்தால் மொத்தக் கூட்டமும் எழும்பிவிடும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து உடம்பு தேற்றிக்கொள்ளும் உயிர்கள் அவை. வீணாக எழுப்பும் ஒவ்வொரு முறையும் அவற்றின் சாப்பாட்டில் கைவைக்கிறோம். தலையை நிமிர்த்தி எல்லாம் ஒரே திசையில் பார்க்கத் தொடங்கினால் அது எச்சரிக்கை. அங்கேயே நின்றுவிடவேண்டும், முடிந்தால் இரண்டடி பின்வாங்கவேண்டும்.

பூநாரை அலகைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தண்ணீரை வடிகட்டித்தான் தின்னும், தலை பெரும்பாலும் நீருக்குள்தான். நிமிரும் கணத்துக்காக விரல் ஷட்டரில் இருக்கட்டும். சாம்பல் பழுப்பாக இருப்பவை குஞ்சுப் பருவத்தவை, அவற்றை வேறு பறவை என்று எண்ணவேண்டாம். பழவேற்காட்டுக்கு பொன்னேரிவரை கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் போய் பஸ் பிடிக்கலாம். படகில் போய் நெருங்கும் ஆசை வேண்டாம். 2011 கிறிஸ்துமஸ் அன்று படகு கவிழ்ந்து 22 பேர் இறந்த ஏரி அது. கரையிலிருந்தும் சாலையிலிருந்தும் கிடைப்பதே நிறைய. அந்த ரயிலிலேயே எண்ணூருக்கும் அத்திப்பட்டு புதுநகருக்கும் நடுவே உப்பங்கழியைக் கடக்கும்போது எட்டிப்பார்த்தால், தண்ணீர் எந்த மட்டத்தில் இருக்கிறது, எங்கே பறவை இருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்துவிடும்.

எண்ணூர்ச் சேற்றைப் பற்றி எச்சரிக்கையாகவே சொல்லவேண்டும். சாம்பல் கழிவு படிந்த இடங்கள் மேலே காய்ந்த தரை போல இருக்கும், கால் வைத்தால் முழங்கால்வரை உள்வாங்கும். மீனவர்கள் நடந்த தடத்தை விட்டு விலகாதீர்கள், தனியாகப் போகாதீர்கள். செருப்பு உளையில் சிக்கிக் கழன்றுவிடும், வெறுங்காலை மட்டிச் சிப்பி கிழித்துவிடும். கயிறு கட்டிய பழைய கான்வாஸ் ஷூதான் சரி. கால் புதைந்தால் துள்ளாமல் பின்னால் சாய்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு காலாக மெல்ல ஆட்டி உருவவேண்டும். அந்தச் சேற்றுக்குள்தான் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். லென்ஸை நீட்டுவதற்கு முன் "அக்கா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். எடுத்தால் அங்கேயே காட்டுங்கள். இன்றைக்கு எந்தப் பக்கம் நாரை இறங்கியது என்பதை அவர்களைவிடச் சரியாக யாரும் சொல்லமுடியாது. துறைமுகம், அனல்மின் நிலையம் இவற்றின் பக்கம் லென்ஸைத் திருப்பவேண்டாம், ட்ரோன் அறவே வேண்டாம். காவலாளி கேட்டால் எடுத்த பறவைப் படங்களைக் காட்டிப் பொறுமையாகப் பேசினால் போதும்.

கடலோரத்தில் சுற்றிவிட்டு வந்த அன்றே சுத்தம் செய்துவிடவேண்டும். உப்புக் காற்றின் படலம் கண்ணுக்குத் தெரியாது, ஒரு வாரம் விட்டால் திருகாணியில் துரு தெரியும். முதலில் ஊதுபந்தால் மணலை ஊதித் தள்ளுங்கள். துடைப்பதற்கு முன் இது கட்டாயம், மணலோடு துடைத்தால் கண்ணாடியில் கீறல் விழும். பிறகு நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால் வெளி உடம்பைத் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி, மின்விசிறிக் காற்றில் ஒரு மணி நேரம் வையுங்கள். ஈரத்தோடு பையில் போட்டு மூடுவதுதான் பூஞ்சைக்கு நாம் விரிக்கும் பாய். ரப்பர் விளிம்புள்ள காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே 200 கிராம் சிலிக்கா ஜெல், சின்ன ஈரமானி ஒன்று. ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்தில் நிற்கவேண்டும். அரிசி இதற்கு உதவாது, மாவுத் தூசிதான் சேரும். நீல நிற ஜெல்லில் கோபால்ட் உப்பு இருப்பதால் ஆரஞ்சு நிறத்தை வாங்குங்கள். நிறம் மாறியதும் ஓவன் அடுப்பில் 110, 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் பழையபடி உறிஞ்சும். அதற்கு வைக்கும் தட்டைச் சமையலுக்குத் திரும்ப எடுக்கக்கூடாது.

எடுத்த படங்களைத் தேதி, இடத்தோடு பெயரிட்டு வையுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோது, கூழைக்கடாக்களின் இறகு கறுத்து ஒட்டிக்கிடந்ததை ஊருக்குக் காட்டியவை படங்கள்தான். அந்த இடத்தில் அதற்கு முந்தைய ஆண்டு என்ன இருந்தது என்பதற்கும் யாரோ எடுத்துத் தேதி போட்டு வைத்த படம் வேண்டும். ஒரே கரை, ஒரே இடம், வாரம் ஒருமுறை ஐப்பசி முதல் மாசிவரை என்று வைத்துக்கொண்டால் அப்படி ஒரு வரிசை தானாகவே சேர்ந்துவிடும். ரெட்டேரி, மாதவரம் ஏரி, கொரட்டூர் ஏரி என்று வீட்டுக்குப் பக்கத்தில் எது இருக்கிறதோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆகாயத்தாமரை மூடிய ஏரியிலும் அதன்மேல் நடக்கும் இலைக்கோழியும் ஓரத்தில் நீலத் தாழைக்கோழியும் இருக்கும்.

பொங்கல் விடுமுறை நான்கு நாளும் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது, 2015-ல் தொடங்கியது. பறவைகளைப் பதிவு செய்யும் இ-பேர்ட் (eBird) செயலியில் பதிந்துகொண்டு, ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்த, கேட்ட பறவைகள் அத்தனையையும் எண்ணிக்கையோடு எழுதிவிட்டால் உங்கள் ஏரியும் அந்தக் கணக்கில் சேரும். மொட்டைமாடியிலிருந்தும் செய்யலாம். பெயர் தெரியாத உள்ளானா, மூன்று படம் எடுங்கள்: அலகின் நீளம் தெரியும்படி பக்கவாட்டில் ஒன்று, காலின் நிறம் தெரியும்படி நிற்பது ஒன்று, பறக்கும்போது சிறகின் வெள்ளைக் கோடும் முதுகின் கீழ்ப்பகுதியும் தெரியும்படி ஒன்று. மூன்றும் மங்கலாக இருந்தாலும் பறவை தெரிந்தவர்கள் பெயரைச் சொல்லிவிடுவார்கள்.